டைப்பிஸ்ட்டும் பொட்டிக்காரியும்

பதினாறு வருடமாகக் குடும்பக் கச்சேரிக் குழுவில் டிஜிட்டல் பியானோ வாசித்துவந்தும், அதன் பின்பக்கத்தை டைப்பிஸ்ட் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. கரண்டுக்கு ஒரு ஒயர், ஸ்பீக்கருக்கு ஒரு ஒயர். அந்த இரண்டையும் செருகுவதும் கழற்றுவதும் கொழுந்தன் வேலை. முன்பக்கம் எண்பத்தெட்டுக் கட்டை இருக்கிறது, உட்கார ஸ்டூல் இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்று இருந்துவிட்டாள்.

டைப்பிஸ்ட் என்ற பெயரை வைத்தவள் அவளுடைய ஓரகத்தி, கொழுந்தன் மனைவி. வைத்தது முதுகுக்குப் பின்னால். காரணம் இல்லாமல் இல்லை. சின்ன வயதில் அவள் பியானோ கற்றுக்கொண்டது ஒரு டைப்ரைட்டிங் வகுப்பில். முன் அறையில் பன்னிரண்டு டைப்ரைட்டர், பின் அறையில் ஒரு பழைய பியானோ. காலையில் அங்கே, மாலையில் இங்கே. அதனால் அவள் கட்டையைத் தொடமாட்டாள், அடிப்பாள். மெதுவான பாட்டிலும் அவசரக் கடிதம் ஒன்றை முடித்துக் கொடுக்க வேண்டியவள் மாதிரி மூன்றாவது வரியில் கொஞ்சம் முந்திவிடுவாள். பாடுகிறவர் அவளுடைய கணவர். அவருக்கு அது பழகிப்போய், அவரும் கூடவே முந்துவார். கொழுந்தன் கிதாரை மாட்டிக்கொண்டு இருவரையும் துரத்திப் பிடிப்பான். டிரம்ஸ் வாசித்தவர் மட்டும், "இந்த அம்மா ஓடுற ஓட்டத்துக்கு என்னால முடியாது" என்று ஒருநாள் குச்சிகளைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் கொழுந்தனின் செல்போன் கீழே விழுந்து உடைந்தது. பழுது பார்க்கக் கொண்டுபோனான். எட்டு மாதத்தில், பழுது பார்த்த பெண்ணையே கல்யாணம் செய்து வீட்டுக்குக் கூட்டிவந்தான். வரும்போது அவள் இரண்டு பை கொண்டுவந்தாள். ஒன்றில் துணி. இன்னொன்றில் முழுக்க ஒயர். மறுநாள் அவளுடைய அம்மா வீட்டிலிருந்து இரண்டு பெட்டிகள் வந்தன. ஒன்று தாளம் போடும். வாசிப்பதை நினைவிலும் வைத்துக்கொள்ளும். இன்னொன்றின் வயிற்றுக்குள் பியானோ, வயலின், புல்லாங்குழல், மணி, மழை என்று முந்நூறு வகைச் சத்தம். டைப்பிஸ்ட் அவளுக்குப் பொட்டிக்காரி என்று பெயர் வைத்தாள். இவள் மறைத்து வைக்கவில்லை, முகத்துக்கு நேராகவே கூப்பிட்டாள்.

முதல் ஒத்திகையிலேயே புகைச்சல் ஆரம்பமாகிவிட்டது. மாடி அறை, சுவரெல்லாம் ஸ்பாஞ்சு ஒட்டியது, ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுக்காரர் கத்துவார். பொட்டிக்காரி கையில் ஒரு ஒயரோடு பியானோவுக்குப் பின்னால் குனிந்தாள்.

"அக்கா, உங்க பியானோல இருந்து எனக்கு ஒரு லைன் வேணும்."

"எதுக்கு?"

"என் பெட்டியோட சேர்க்கணும்."

"அதுக்குத்தான் மிக்ஸர் இருக்கே. எல்லாச் சத்தமும் அங்கதானே சேருது?"

"இது சத்தம் போற ஒயர் இல்லக்கா. நீங்க எந்தக் கட்டைய அமுக்குறீங்க, எவ்வளவு பலமா அமுக்குறீங்க, எப்ப கைய எடுக்குறீங்க, அந்தச் சேதி மட்டும்தான் இதுல போகும். அத வாங்கி என் பெட்டி வயலினா வாசிக்கும், குழலா வாசிக்கும்."

"நான் வாசிக்கிறத உன் பொட்டிக்கு எதுக்குடி ஒப்பிக்கணும்?"

கணவர் தொண்டையைச் செருமினார். டிரம்ஸ்காரர் இல்லாமல் இரண்டு நிகழ்ச்சி ஏற்கெனவே கைவிட்டுப் போயிருந்தது. "கொஞ்சம் சேர்த்துத்தான் பாப்போமே" என்றார். அவர் எப்போதும் யார் பக்கமும் இல்லாத மாதிரிப் பேசுவார்; கூட்டிக் கழித்துப் பார்த்தால் கேட்டவர் பக்கம் போயிருப்பார்.

ஒயர் மாட்டியாயிற்று. போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று. டைப்பிஸ்ட் ஒரு கட்டையை அமுக்கினாள். இரண்டு முறை கேட்டது. பக்கத்தில் யாரோ நின்று அவளைப் போலவே வாசித்துக் கேலி செய்வது மாதிரி இருந்தது. அவள் முகம் சிவந்தது. பொட்டிக்காரி, "ஒரு நிமிஷம்" என்று பியானோவின் இரண்டு பட்டன்களைச் சேர்த்து அமுக்கினாள். இரட்டைச் சத்தம் போய்விட்டது.

"என்ன பண்ணினே?"

"சரி பண்ணிட்டேன்."

அவள் விளக்கவில்லை, இவள் மேற்கொண்டு கேட்கவும் இல்லை. கேட்டால் தெரியாது என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே. நடந்தது இதுதான்: பியானோ தன் கட்டையின் சேதியைத் தானும் கேட்டு ஒலித்தது, பெட்டிக்குப் போய்த் திரும்பிவந்த அதே சேதியையும் கேட்டு இன்னொரு முறை ஒலித்தது. பொட்டிக்காரி பியானோவின் சொந்தக் காதை மூடிவிட்டாள். இனி பியானோ, பெட்டி வழியாகத் திரும்பி வருகிற சேதிக்கு மட்டுமே வாய் திறக்கும். பியானோவை அணைத்தால் அந்த ஏற்பாடு அழிந்துவிடும். அதனால் ஒவ்வொரு மேடையிலும் அதை ஆன் செய்ததும் அவள் வந்து குனிந்து, அந்த இரண்டு பட்டன்களை அமுக்கிவிட்டுப் போவாள். டைப்பிஸ்ட் அதை ஏதோ துடைத்து வைக்கிற வேலை என்று நினைத்திருந்தாள்.

நான்கு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடியது. சமையலறையில் பாத்திரம் வைக்கிற சத்தத்திலேயே யாருக்கு யார்மேல் கோபம் என்று வீட்டு ஆண்கள் கண்டுபிடிக்கப் பழகினார்கள். அப்புறம் ஒரு பெரிய கம்பெனியின் ஆண்டு விழா வந்தது. பகல் பதினோரு மணி நிகழ்ச்சி. எண்ணூறு நாற்காலி, ஒன்றுகூடக் காலியில்லை.

இரண்டாவது பாட்டில் டைப்பிஸ்ட் கை வைத்ததும் பியானோவுக்கு அடியிலிருந்து வயலின் கிளம்பியது. அவள் விரல் போன இடமெல்லாம் அதுவும் இழுத்துக்கொண்டே வந்தது. அவள் தலையைத் திருப்பி முறைத்தாள். பாட்டு முடிந்ததும் பல்லிடுக்கில் சொன்னாள்:

"அந்த வயலின எடு."

"நல்லா இருக்குக்கா. இருக்கட்டும்."

"எடுன்னு சொல்றேன்."

"சபை ரசிக்குது. நீங்க வாசிங்க."

மேடையில் கம்பெனிக்காரர் ஒருவர் பரிசு கொடுக்க ஆரம்பித்தார். பத்து நிமிட இடைவெளி. டைப்பிஸ்ட் ஸ்டூலில் இருந்தபடியே பியானோவுக்குப் பின்னால் கையை விட்டுத் தடவினாள். இரண்டு வட்டத் தலை ஒயர்கள் அகப்பட்டன. இரண்டையும் பிடுங்கிக் கீழே போட்டாள். பதினாறு வருடத்தில் அவள் பியானோவின் பின்பக்கம் செய்த முதல் காரியம் அதுதான். மனசு அப்படியொரு குளிர்ச்சியாக இருந்தது.

அடுத்த பாட்டு அவளுடைய பாட்டு. கணவர் வாய் திறப்பதற்கு முன்னால் எட்டு வரி தனியாக அவள் வாசிக்க வேண்டும். விளக்கு அவள்மேல் விழுந்தது. பொட்டிக்காரி தாளத்தை மெதுவாக ஆரம்பித்தாள். டைப்பிஸ்ட் இரண்டு கையையும் வைத்து அழுத்தினாள்.

தக். பிளாஸ்டிக் கட்டை பலகையில் இடிக்கிற சத்தம் தவிர ஒன்றும் இல்லை.

இன்னொரு முறை. தக், தக். சத்தம் கூட்டுகிற திருகைத் திருகினாள். எண்ணூறு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கணவர் மைக்கைப் பிடித்தபடி, சிரிப்பை முகத்திலேயே ஆணி அடித்து நிறுத்தியிருந்தார். ஓரக்கண்ணில் பொட்டிக்காரி வாயசைப்பது தெரிந்தது: "அணைச்சிட்டு மறுபடி போடுங்க. அணைச்சிட்டுப் போடுங்க." சொன்னபடி செய்திருந்தால் பியானோ தன் சொந்தக் காதோடு எழுந்து உட்கார்ந்திருக்கும். ஆனால் அவள் சொல்லி நான் செய்வதா என்று டைப்பிஸ்ட்டின் கை நகரவில்லை.

பொட்டிக்காரி நான்கு தாளம் பொறுத்தாள். பிறகு தன் பெட்டியில் ஒரு பட்டனை அமுக்கினாள். மண்டபம் நிறையப் பியானோ கேட்டது.

டைப்பிஸ்ட்டுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. மூன்றாவது வரி வந்தது. வாசிப்பு கொஞ்சம் முந்தியது. முந்திவிட்டு, அவசரமாகக் காலைப் பின்வாங்கிய மாதிரி நின்று, தாளத்தோடு சேர்ந்துகொண்டது. அது அவளுடைய கை. ஒத்திகையில் அவள் வாசித்ததையெல்லாம் அந்தப் பெட்டி சத்தம் போடாமல் எழுதி வைத்துக்கொண்டிருக்கிறது. அவள் உயிரோடு ஸ்டூலில் உட்கார்ந்திருக்க, அவள் இல்லாமலே பாட்டு நடக்கிறது.

வேறு வழியில்லை. செத்த கட்டைகளின்மேல் அவள் விரலை ஓட்டினாள். தன் கையைத் தானே நடித்துக் காட்டினாள். எங்கே முந்தும் என்று தெரியுமாதலால் அந்த இடத்தில் முந்தவும் செய்தாள். பாட்டு முடிந்தபோது அன்றைக்கு அதுவரை இல்லாத கைதட்டல். முன்வரிசையில் இருந்த பெரிய அதிகாரி எழுந்து வந்து, "பியானோ பிரமாதம்மா" என்று கைகூப்பினார். பதிலுக்குக் கைகூப்பக்கூட அவளுக்குக் கை வரவில்லை.

வேனில் ஏறிக் கதவை மூடியதுதான் தாமதம்.

"திருடி! என் கைய எங்கிட்ட கேக்காம எடுத்து வெச்சிருக்க!"

"பாட்டு பாதியில விழாம இருக்கத்தான் வெச்சேன். நல்லதாப் போச்சு."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டா சரின்னு சொல்லியிருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அப்புறம் எதுக்குக் கேக்கணும்?"

"பியானோவ ஊமையாக்கினது நீதானே? அதச் சொல்லு முதல்ல!"

"ஒயரப் பிடுங்கினது யாரு? நீ! எதுக்கு எந்த ஒயர்னு தெரியாம பிடுங்கினது நீ!"

அதுவரை எத்தனை முட்டிக்கொண்டாலும் பொட்டிக்காரி வாயில் "நீங்க" தான் வரும். கொழுந்தன் கண்ணாடியில் பார்த்தான். கணவர் ஜன்னல் வழியாக ஒரு பெட்ரோல் பங்கை மிகவும் அக்கறையாகப் பார்த்தார். திருடியது, ஊமையாக்கியது எல்லாம்கூட டைப்பிஸ்ட்டுக்கு ஆறிவிடும். "எந்த ஒயர்னு தெரியாம" என்றாளே, அது நெஞ்சில் தைத்துவிட்டது. உண்மையாக இருந்ததால்தான் அப்படித் தைத்தது.

மறுநாள் காலை கணவரின் போனைப் பிடுங்கிக்கொண்டு பியானோவின் விளக்கப் புத்தகத்தைத் தேடி எடுத்தாள். நூற்றுப் பதினெட்டுப் பக்கம். மூன்று வாரம் அதோடு மல்லுக்கட்டினாள். புரியாததை ஒரு நோட்டில் எழுதினாள், பியானோவைச் சுவரிலிருந்து இழுத்துப் போட்டு, தரையில் படுத்து, டார்ச் அடித்து ஒவ்வொரு துவாரமாகப் பார்த்தாள். உள்ளே வருவது எது, வெளியே போவது எது, ஹெட்போன் எது, கம்ப்யூட்டருக்கு எது. படிப்பில் ஆசை வந்து அல்ல; ஒருத்தியின் கண்ணில் விரலை விட்டு ஆட்டவேண்டும் என்ற ஒரே வெறி.

சேனல் என்று ஒன்று இருப்பது நாற்பத்தொன்றாம் பக்கத்தில் கிடைத்தது. மொத்தம் பதினாறு. பியானோ எந்தச் சேனலில் பேசுகிறதோ அதே சேனலில் பெட்டி கேட்கவேண்டும். இல்லாவிட்டால் ஒயர் இருந்தும் இல்லாததுதான். அடுத்த ஒத்திகைக்கு முன்னால் அவள் பியானோவை ஒன்றிலிருந்து பதினொன்றுக்கு மாற்றிவிட்டு, நல்ல பிள்ளை மாதிரி ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள்.

பொட்டிக்காரி வந்து ஒயரை மாட்டினாள். பெட்டியில் அசைவில்லை. ஒயரை மாற்றினாள். மூன்று ஒயர் மாற்றினாள். பெட்டியை அணைத்துப் போட்டாள். பையிலிருந்து திருப்புளியை எடுத்துப் பெட்டியின் முதுகைக் கழற்றினாள். செல்போன்களின் குடலை உருவிப் பழகிய கை. அதற்கும் ஒன்றும் பிடிபடவில்லை. டைப்பிஸ்ட்டுக்குச் சேனல் மாற்றத் தெரியும் என்று அவளுக்குக் கனவிலும் தோன்றவில்லை. மத்தியானச் சாப்பாடு ஆறியது. டைப்பிஸ்ட் ஒரு மூட்டைத் துணியையும் மடித்து முடித்துவிட்டு, மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

நாலு மணிக்குப் பொட்டிக்காரி எழுந்து வந்து பியானோவின் சிறு திரையை நோண்டினாள். பதினொன்று. ஒரு நிமிடம் டைப்பிஸ்ட்டையே பார்த்தாள்.

"எந்தப் பக்கத்துல போட்டிருக்கு?"

"நாப்பத்தொண்ணு."

"ம்" என்றாள். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

பதினைந்து நாள் கழித்து, வேலையிலிருந்து ஓய்வு பெறுகிற ஒருவருக்குப் பிரிவுபசார விழா. பொட்டிக்காரி ஒவ்வொரு பாட்டுக்கும் தாளத்தின் வேகத்தை மயிரிழை மயிரிழையாகக் கூட்டிக்கொண்டே போனாள். உனக்கு முந்தத்தானே ஆசை, முந்து பார்ப்போம் என்று பொருள். டைப்பிஸ்ட்டுக்கு நான்காவது பாட்டில் விஷயம் விளங்கிவிட்டது. விட்டுக்கொடுப்பாளா? டைப்ரைட்டிங் தேர்வில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தவள். உதட்டைக் கடித்துக்கொண்டு அடித்துத் தள்ளினாள். நடுவில் மாட்டிக்கொண்டவர் கணவர். கடைசிப் பாட்டின் நீண்ட வரியில் அவருக்கு மூச்சு போதவில்லை. குரல் உடைந்து, கண்ணில் நீர் வந்து, இருமல் பிய்த்துக்கொண்டது. பிரிவின் துயரம் தாங்காமல் பாடகர் அழுகிறார் என்று சபை நினைத்துக்கொண்டு, அதுவும் அழுதது. ஓய்வு பெறுகிறவர் மேடையேறி வந்து அவரைக் கட்டிக்கொண்டார்.

கணவர் வீட்டுக்கு வந்ததும் வெந்நீர் குடித்தார். பிறகு மாடிக்குப் போய்ப் பெரிய வெள்ளைத்தாள் ஒன்றை ஸ்பாஞ்சின்மேல் குண்டூசியால் குத்தினார். பதினாறு வருடத்தில் அவர் ஒரு பக்கம் எடுத்து நின்றது அன்றைக்குத்தான். அது தன் தொண்டையின் பக்கம்.

"இனிமே எத மாத்தினாலும் இதுல எழுதிட்டு மாத்துங்க" என்றார், காற்றாகப் போன குரலில். "ரெண்டு பேரும் பேசிக்க வேணாம். பேசினா நான் பாடமாட்டேன்."

அப்படியே ஆயிற்று. கரித்துக் கொட்டுவதெல்லாம் தாளுக்கு இடம் மாறியது. "சேனல் ஒன்று பியானோ. என்னைக் கேட்காமல் தொடக்கூடாது." அதற்குக் கீழே பொட்டிக்காரியின் கையெழுத்தில், "கேட்டால் மட்டும்?" "நான்காம் பாட்டில் வயலின் வேண்டாம்." "வேண்டும். சபைக்குக் காது இருக்கிறது." "எனக்கும் இருக்கிறது." "தெரியும், கம்மல் பார்த்திருக்கிறேன்." ஒரே ஒரு இடத்தில்தான் வம்பு வளரவில்லை. "என் வாசிப்பை இனி எழுதி வைத்தால் இரண்டு பொட்டியும் மாடியிலிருந்து தெருவுக்குப் போகும்" என்று டைப்பிஸ்ட் சிவப்பு மையில் எழுதினாள். மறுநாள் அதற்குக் கீழே "சரி" என்று மட்டும் இருந்தது. டைப்பிஸ்ட் அந்த ஒரு வார்த்தையை வெகுநேரம் சந்தேகமாகவே பார்த்தாள். போய்ப் பெட்டியின் நினைவைத் திறந்தும் பார்த்தாள். அவளுடைய பெயரில் இருந்த அத்தனையும் அழிக்கப்பட்டிருந்தது.

ஆறு வருடம் ஓடிவிட்டது. தாள் நான்கு முறை மாறியது. பகை மாறவில்லை. ஆனால் அந்தப் பகையால் ஊரிலேயே அவர்கள் மேடையில்தான் ஒயர் ஒன்றுகூடப் பிசகாமல் இருந்தது. ஒருத்தி தவறு கண்டுபிடிக்கக் காத்திருக்கும்போது இன்னொருத்தி எப்படித் தவறு செய்வாள்? மற்றக் குழுக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். பிறகு, பியானோ பேசமாட்டேன் என்கிறது, பெட்டி கேட்கமாட்டேன் என்கிறது என்று மண்டபங்களும் ஓட்டல்களும் கூப்பிட ஆரம்பித்தன. பியானோ இவளுக்குத் தெரியும், பெட்டி அவளுக்குத் தெரியும். தனித்தனியாகப் போனால் பாதி வேலைதான் நடந்தது. ஆகவே, விதியே என்று இருவரும் ஒரே வேனில் போனார்கள்; அங்கே பாட்டு இல்லாததால் பேசவும் செய்தார்கள்.

போன மாதம் ஒரு பள்ளிக்கூடம். புதுப் பியானோவின் பின்னால் வட்டத் துவாரமே இல்லை, கம்ப்யூட்டருக்கான சின்னத் துவாரம் மட்டும்தான். பள்ளியிடம் இருந்த பழைய சத்தப் பெட்டியில் வட்டத் துவாரம் மட்டும். பாட்டு டீச்சர் எங்கிருந்தோ வாங்கிய ஒரு மாற்று ஒயரை இரண்டுக்கும் நடுவில் மாட்டி, ஒரு வாரமாகக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். டைப்பிஸ்ட் தரையில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

"இத நேரா மாட்டினா நடக்காதுங்க. இந்தப் பியானோவும் சரி, இந்த ஒயரும் சரி, கம்ப்யூட்டர் கூப்பிட்டாத்தான் பேசும். தானா வாய் தொறக்காது. நடுவுல ஒண்ணு வேணும்."

பொட்டிக்காரி தன் பையிலிருந்த லேப்டாப்பை எடுத்து நடுவில் வைத்தாள். ஒரு மணி நேரம், இருவரும் முழங்காலில். "டார்ச்." "இந்தா." "மூணுல வை." "வெச்சாச்சு." டைப்பிஸ்ட் மேலே எழுந்து ஒரு கட்டையைத் தட்டினாள். பெட்டியிலிருந்து புல்லாங்குழல் கேட்டது. டீச்சர் குழந்தை மாதிரிக் கைதட்டினார்.

"நீங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியா?"

"சேச்சே" என்றாள் டைப்பிஸ்ட்.

"பாத்தா அப்படியா தெரியுது?" என்றாள் பொட்டிக்காரி, நிஜமாகவே மனம் புண்பட்டு.

திரும்புகிற வழியில் இருவரும் வேனின் இரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பாதி தூரம் வந்ததும் டைப்பிஸ்ட் நிமிர்ந்தாள்.

"லேப்டாப் சார்ஜர எடுத்து வெச்சியா?"

"நான் எதுக்கு எடுக்கணும்? சுவர்ல இருந்து கடைசியா கழட்டினது நீங்க."

"கழட்டி உன் கையில குடுத்தேன்."

"என் கையிலயா? என் கையில டார்ச் இருந்துச்சு!"

"உன் பொருள், உனக்கு நெனப்பு வேணாம்?"

"உங்களுக்குக் கண்ணு வேணாம்?"

கொழுந்தன் வேனைத் திருப்பினான். பள்ளிக்கூடத்து கேட் பூட்டியிருந்தது. வேன் நிற்பதற்கு முன்னால் ஒருத்தி இந்தப் பக்கக் கதவில் இறங்கினாள், இன்னொருத்தி அந்தப் பக்கம். இருவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, யார் எங்கே எதை மறந்தது என்று ஒரே நேரத்தில் காவல்காரரிடம் சொல்ல ஆரம்பித்தார்கள்.

அவர் சாவிக்கொத்தோடு ஒருத்தியைப் பார்த்தார், மற்றவளைப் பார்த்தார்.

"யாராவது ஒருத்தர் பேசுங்கம்மா" என்றார்.

இருவரும் நிறுத்தவில்லை.